நத்தையின் மூக்கு

அத்தியாயம் ஐந்து

"திருடன் ஒண்ணு முட்டாளா இருக்கணும், இல்ல பெரிய பக்திமானா இருக்கணும்," என்றான் கொமார். "ரெண்டும் ஒரே ஆளா இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஆறு வருஷம் மடத்துல குப்பை கொட்டினவன் நான்."

மக்தெல்டா காதில் வாங்கவில்லை. பைண்டர் லீவனின் மேசைமேல் கிடந்த ஜெபப் புத்தகத்தின் மீது கவிழ்ந்திருந்தாள். தையல் முடிந்து, அட்டை மட்டும் போடாமல் இருந்த புத்தகம். மீன் மண்டி அமெல்பெர்கா அம்மாள் இரண்டு வருடமாகக் காத்திருந்த புத்தகம். எழுத ஒருவர், தங்க ரேக்கு ஒட்ட ஒருவர், புனிதர்களின் படம் போட ஒருவர், ஓரத்தில் கொடியும் பூவும் குரங்கும் வரைய ஒருவர் என்று புரூஜ் நகரத்தில் பாதித் தெரு கைவைத்த புத்தகம். ஓரம் வரைந்தவன் பாஸ்டியன். மக்தெல்டாவின் கணவன். போன தவக்காலத்தில் மூன்றே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவன்.

அந்தப் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு தாளை யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பாஸ்டியன் கடைசியாக வரைந்த தாள் அது.

"முடிச்சிட்டு நானே காட்றேன். அதுக்கு முன்னாடி எட்டிப் பாத்தே, உன் பேச்சு கா," என்று சொல்லி அதன்மேல் துணியைப் போட்டு மூடி வைத்திருந்தான். முடித்தான். காட்டுவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. அப்புறம் தாள்கள் எல்லாம் கட்டாக லீவன் வீட்டுக்குப் போயின. நாளைக்குப் போய்ப் பார்க்கலாம், நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று ஏழு மாதம் தள்ளினாள் மக்தெல்டா. நேற்று ஒருவழியாக மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்தால், தாளைக் காணோம்.

காணாமல் போனதைக் கண்டுபிடிப்பதுதான் அவள் தொழிலே. பாஸ்டியன் தொலைத்த தூரிகைகளைத் தேடித் தேடிப் பழகியது, பிறகு அண்டை வீட்டுக் கோழிகள், வணிகர்களின் மோதிரங்கள், ஒரு தடவை ஒரு முழுப் பாதிரியார் என்று விரிந்தது. ஊரில் அவளை 'மூக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். மோப்பம் பிடிப்பதில் நாய் தோற்கும் என்பதற்கு ஊர் கொடுத்த பட்டம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

கொமார் அவளுடைய உதவியாள். நாற்பது வயது. மடாதிபதியின் அடக்கத்தில் சிரித்ததற்காக மடத்திலிருந்து துரத்தப்பட்டவன். பெட்டிக்குள்ளிருந்து தும்மல் கேட்டது என்று இன்றுவரை சாதிக்கிறான்.

"மத்தியான மணி அடிச்சா என் கதை முடிஞ்சுது," என்றார் லீவன். அவருடைய கையில் ஊசி இருந்தது, நூல் இல்லை. அதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. "புத்தகத் தொழிலாளர் சங்கம் கூடுது. தாளைத் திருடினது நான்தான்னு சொல்லி ஏட்டுலேருந்து என் பேரை அடிக்கப் போறாங்க. அடிச்சுட்டா இந்த ஊர்ல ஒரு புத்தகத்தை நான் தொடக் கூடாது. அம்பத்தெட்டு வயசுல நான் என்னம்மா செய்வேன்? மீனைத் தைக்கவா?"

"அமெல்பெர்கா அம்மா கிட்ட கேட்டா வேலை குடுப்பாங்க," என்றான் கொமார். "வயித்தைக் கீறின மீனையெல்லாம் திரும்பத் தைச்சு, முழு மீன்னு விக்கலாம்."

"கொமார், கொஞ்சம் வாயை மூடு."

"மூடிட்டேன் அக்கா."

மக்தெல்டா தன் தலைத்துணியில் செருகியிருந்த இரண்டு தூரிகைகளில் ஒன்றை உருவி, அதன் காம்பால் பக்கங்களைப் புரட்டினாள். மாதா பக்கத்தில் தங்கம். மூன்று ராஜாக்கள் பக்கத்தில் தங்கத்துக்கு மேல் தங்கம். ராஜாக்களின் முகம் தெரியாத அளவுக்குத் தங்கம்.

"இதையெல்லாம் விட்டுட்டான்," என்றாள். "இந்த மாதிரி தகதகன்னு பன்னிரண்டு பக்கம் இருக்கு. ஒண்ணையும் தொடல. தங்கமே இல்லாத மரித்தோர் ஜெபத்துலேருந்து ஒரு தாளை அறுத்துட்டுப் போயிருக்கான்."

"நகைக் கடைக்குள்ள பூந்து மிதியடியைத் திருடினவன்," என்றான் கொமார். ஒரு கணம் மூடியிருந்த வாய் அதற்குமேல் தாங்கவில்லை.

"லீவன் அண்ணா, தாள் காணோம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"புத்தகத்தைத் தூக்கினேன். இன்னொரு தாள் கழண்டு என் கால்ல விழுந்துச்சு."

மக்தெல்டா நிமிர்ந்தாள். "எந்தத் தாள்?"

"அதோட ஜோடி. ஒரு கன்னுத் தோலை மடிச்சா ரெண்டு தாள் ஆகும். நடு மடிப்புலதான் தையல் போடுவோம். இந்தப் பக்கத் தாளை மடிப்போட ஒட்ட அறுத்தா, அந்தப் பக்கத் தாளுக்குப் பிடிப்பு போயிடும். கழண்டுதான் விழும். இது பைண்டிங் பண்றவன் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியுமே."

"அதைத்தான் கேக்கறேன். நீங்க திருடறதா இருந்தா எப்படி அறுப்பீங்க?"

லீவன் பயந்து போனார். "நான் திருட மாட்டேன்மா."

"சும்மா ஒரு பேச்சுக்கு."

"ரெண்டு விரக்கடை விளிம்பு விட்டு அறுப்பேன். ஜோடி அசையாது. ஆறு மாசத்துக்கு யாருக்கும் தெரியாது," என்று சொல்லிவிட்டு, தான் இவ்வளவு நன்றாகச் சொன்னதை நினைத்து இன்னும் பயந்தார்.

"அப்போ திருடினவனுக்குப் புத்தகம் கட்டற வேலை தெரியாது," என்றாள் மக்தெல்டா. "முந்தாநாள் இந்த மேசைக்கிட்ட தனியா உக்காந்தது யார் யார்?"

"ரெண்டே பேர். அமெல்பெர்கா அம்மா வந்தாங்க, வழக்கம்போல எல்லாப் புனிதர்களுக்கும் முத்தம் குடுத்துட்டுப் போனாங்க. புத்தகமே மீன் வாடை அடிக்குது பாருங்க. ஆனா மரித்தோர் ஜெபத்தை மட்டும் புரட்டவே மாட்டாங்க, பயம். அப்புறம் சங்கத் தலைவர் ஆன்செல்ம் ஐயா வந்தார், தங்கம் அசலான்னு சோதிக்க. நான் பின்கட்டுல பசை கிளறிட்டு இருந்தேன்."

"திருட்டுப் போச்சுன்னு முதல்ல கூச்சல் போட்டது யாரு?"

"ஆன்செல்ம் ஐயாதான். நேத்துக் காலைல. அப்போ நான் யார்கிட்டயும் சொல்லியிருக்கவே இல்ல."

கொமார் விசில் அடித்தான். மடத்தில் கற்றுக்கொண்ட ஒரே சங்கீதம்.

மக்தெல்டா, தாள் இருந்த இடத்துக்கு எதிர்ப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். வெளியே அக்டோபர் மழை நசநசத்துக்கொண்டிருந்தது. ஓரத்தில், வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில், பச்சையாக ஒரு கறை. கறை இல்லை. நிழல். எதிரே இருந்த படத்திலிருந்து ஒட்டிக்கொண்ட நிழல்.

"ஐயோ அதுவா," என்றார் லீவன். "தைக்கறதுக்கு முன்னாடி தாள் படியணும்னு சுத்தியால தட்டுவோம். மத்தவங்க சாயம் ஒட்டாது. உங்க வீட்டுக்காரர் இருக்காரே, பச்சையைக் கீரை மாதிரி அள்ளிப் பூசுவார். எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்! அவர் சிரிப்பார், அவ்வளவுதான்."

மக்தெல்டா அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போடுவதற்குக்கூட இப்போது ஆள் இல்லை.

"ஒரு நத்தை," என்றாள் கடைசியில்.

"நத்தைதான்," என்று குனிந்தான் கொமார். "எதுத்தாப்ல கவசம் போட்ட வீரன் ஒருத்தன் இருந்திருப்பான். ஓரம் வரையறவங்களுக்கு வேற வேலையே கிடையாது. வீரனை நத்தையோட சண்டைக்கு விட்டுடுவாங்க. ஆனா அவன்மேல பச்சை இல்ல போலிருக்கு, ஒட்டல. நத்தைக்கு மனுஷ மூஞ்சி. ரெண்டு கொம்பு. நடுவுல... அம்மாடி! எவ்வளவு பெரிய மூக்கு!" அவன் முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனான். "இந்த மூக்கை நான் எங்கியோ பாத்திருக்கேன் அக்கா. தினம் தினம் பாக்கற மாதிரி இருக்கு."

"ஆன்செல்ம்!" என்றாள் மக்தெல்டா.

கொமார் அவளைப் பார்த்தான். புத்தகத்தைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். எதையோ விழுங்கினான்.

"அப்படியும் வெச்சுக்கலாம்," என்றான்.

"வெச்சுக்கறது என்ன? ஊர்லேயே பெரிய மூக்கு அவருக்குத்தான். தன்னைத்தான் நத்தையா வரைஞ்சிருக்குன்னு நினைச்சிருக்கார். அதுவும் கொம்போட!"

கொம்பு என்றதும் லீவன் சிலுவை போட்டுக்கொண்டார். ஆண்பிள்ளை தலையில் கொம்பு வரைந்தால் அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். பெண்டாட்டி வேறெங்கோ பார்க்கிறாள் என்று அர்த்தம். ஆன்செல்முக்கு அறுபது வயது. அவருடைய பெண்டாட்டிக்கு இருபத்தாறு.

"ஆனா நத்தைன்னா கொம்பு இருக்கத்தானே செய்யும்?" என்றார் லீவன்.

"அதை அவர்கிட்ட யார் போய்ச் சொல்றது," என்று மக்தெல்டா தூரிகையைத் தலைத்துணியில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

*

சங்கக் கட்டடம் கால்வாய்க்கு அந்தப் பக்கம். மத்தியான மணிக்கு நேரம் அதிகமில்லை.

"அக்கா, கொஞ்சம் எட்டி நடங்க. உங்க பின்னாடி வந்த வாத்து நம்மைத் தாண்டிப் போயிடுச்சு."

"யோசிச்சுக்கிட்டே நடக்கறேன்."

"நின்னுக்கிட்டே யோசிச்சாலும் இதே வேகம்தான் வரும்."

பாலத்தடியில் மட்டிக்காரிகள் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். "மூக்கு போகுதுடீ!" என்றாள் ஒருத்தி. "இன்னிக்கு யாருக்குத் தேடப் போகுது?" மக்தெல்டா மரியாதையாகத் தலையசைத்தாள்.

"நம்ம பேர் எப்படிப் பரவியிருக்கு பாரு," என்றாள்.

"பரந்துதான் இருக்கு அக்கா," என்றான் கொமார், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

முன்னால் ஆன்செல்மே போய்க்கொண்டிருந்தார். பின்னாலிருந்து பார்த்தாலும் அவர்தான் என்று தெரியும். தோளைத் தாண்டி மூக்கு எட்டிப் பார்க்கும். தலையில் உயரமான சிவப்புக் கம்பளித் தொப்பி. தெருவில் இருந்த மற்ற ஆண்களின் தொப்பிகள் எல்லாம் மழையில் ஊறி, நனைந்த பூனை மாதிரி காதில் தொங்கின. அவருடையது மட்டும் விறைப்பாக நின்றது.

அப்போது கிணிகிணி என்று சின்ன மணிச் சத்தம். சாகக் கிடக்கும் யாருக்கோ நற்கருணை எடுத்துக்கொண்டு பாதிரியார் அந்த வழியாக வந்தார். தெரு முழுவதும் அப்படியே சேற்றில் முழந்தாள் போட்டது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கழுதைக்காரன் தன் தொப்பியையும் கழற்றிக் கழுதையின் தொப்பியையும் கழற்றினான்.

ஆன்செல்ம் முழந்தாள் போட்டார். தொப்பியைக் கழற்றவில்லை.

பாதிரியார் அவரைப் பார்த்தார். ஆன்செல்ம் மூக்கைச் சுட்டிக்காட்டி, "சளி சாமி," என்றார்.

"அந்த மூக்குல சளி பிடிச்சா மருத்துவர் படகுலதான் போகணும்," என்று முணுமுணுத்தான் கொமார். "ஆனா இது கொஞ்சம் ஜாஸ்திதான் அக்கா. கோயில் வாசல்ல போற போக்குல அஞ்சு தடவை சிலுவை போடற மனுஷன். ஆண்டவருக்கு முன்னாடி தொப்பியோட!"

மக்தெல்டா சேற்றில் மண்டியிட்டபடியே அந்தத் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் சாகிறார்களோ என்று ஒரு ஓரத்தில் நினைத்துக்கொண்டாள். தவக்காலத்தில் இதே மணி அவள் வீட்டு வாசலில் நின்றது. பிறகு மறுபடியும் தொப்பியைப் பார்த்தாள்.

ஜெபம் எழுதிய தாள். பக்திமானால் அதைக் கொளுத்த முடியாது, பாவம். கால்வாயில் போட முடியாது, அதுவும் பாவம். வீட்டுப் பெட்டிகளின் சாவியெல்லாம் பெண்டாட்டி இடுப்பில். பிறகு ஒரு மனுஷன் எங்கேதான் வைப்பான்?

"கொமார், சங்கம் கூடற அன்னிக்கு மத்தியானம் என்ன போடுவாங்க?"

"பட்டாணிக் கஞ்சி. அண்டா நிறைய. கொதிக்கக் கொதிக்க." அவன் முகம் மலர்ந்தது. "ஏன் அக்கா, சாப்பிடலாமா?"

"சாப்பிடறதுக்கு முன்னாடி உனக்கு ஒரு வேலை இருக்கு."

*

சங்க அறையில் கணப்பு எரிந்தது. பன்னிரண்டு பேர் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஏடு திறந்திருந்தது. லீவன் முன்னமே வந்து, கதவோரம், தூக்குக் கைதி மாதிரி நின்றுகொண்டிருந்தார். அமெல்பெர்கா அம்மாள் இடுப்பில் கை வைத்து நடுவில் நின்றிருந்தாள். அவள் நின்ற இடத்தைச் சுற்றி யாரும் நாற்காலி போடவில்லை, மீன் வாடை.

"கல்லறைத் திருநாளைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்ல," என்றாள் அமெல்பெர்கா. "எங்கம்மாவுக்கு ஜெபம் சொல்ல எனக்குப் புத்தகம் வேணும். ஓட்டை இல்லாத புத்தகம். ஓட்டையால எங்கம்மா மோட்சத்துக்குப் போகாம உத்தரிக்கிற ஸ்தலத்துலேயே நின்னுட்டா யார் பொறுப்பு?"

"பொறுப்பாளி அதோ நிக்கறான்," என்று லீவனைக் காட்டினார் ஆன்செல்ம். பேனாவை மையில் தோய்த்தார். "மணி அடிக்கட்டும்."

"தலைவரே, ஒரு நிமிஷம்," என்றாள் மக்தெல்டா.

"மூக்கு வந்தாச்சா," என்றார் ஆன்செல்ம் எரிச்சலோடு. "உன் புருஷன் வரைஞ்ச தாளுங்கறதால வந்தியா? போய்ச் சேர்ந்தவன் மேல எனக்குக் கோபமில்ல. சீக்கிரம் சொல்லு."

"நல்ல சேதிதான். அந்தப் படம் எதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அமெல்பெர்கா அம்மா அதைத் திரும்ப வரையச் சொல்லலாம். ஆனா தலைவரோட அனுமதி வேணும். ஏன்னா படத்துல இருக்கறது நீங்க."

ஆன்செல்மின் பேனாவிலிருந்து மை ஏட்டில் சொட்டியது.

"உங்க மேல பாஸ்டியனுக்கு அவ்வளவு மரியாதை," என்று மக்தெல்டா குரலைத் தழைத்துக்கொண்டாள். "ஓரத்துல ஒரு வீரன். வெள்ளிக் கவசம். நிமிர்ந்து நிக்கறான். கையில வாள். அந்தக் கம்பீரமான முகம் சாட்சாத் உங்க முகம்."

"அட," என்றது மேசை.

ஆன்செல்மின் முகத்தில் ஒரு ஒளி வந்தது. வந்த ஒளி மூக்கின் நுனி வரை போய்ச் சேர்வதற்குள் திரும்பிவிட்டது. "என்ன உளர்றே?" என்றார். "எந்த வீரன் நிமிர்ந்து நிக்கறான்? மண்டி போட்டுக் கெஞ்சிட்டில்ல இருக்கான்! வாளாவது மண்ணாவது, வெறுங்கை! வீரன் நானா? நத்தைதான் நான்!"

கணப்பில் ஒரு கட்டை புரண்டு படுத்தது.

"தலைவரே," என்று மெதுவாகக் கேட்டாள் மக்தெல்டா, "நத்தையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே?"

"அது... ஓரத்துல எப்பவும் நத்தைதானே வரைவாங்க."

"குரங்கு வரைவாங்க, முயல் வரைவாங்க, சுரைக்காய்ல பயணம் போற பன்னி வரைவாங்க. உங்களுக்கு நத்தைன்னு எப்படித் தெரிஞ்சுது? அவன் வெறுங்கையா இருந்தது எப்படித் தெரிஞ்சுது?"

"சோதிக்க வந்தப்போ பாத்தேன். பாத்தது குத்தமா? தாள் என்கிட்ட இருக்கா? வீட்டைச் சோதிச்சுக்கோ! பெட்டியைச் சோதிச்சுக்கோ!"

"பாவம், கத்திக் கத்தித் தொண்டை காய்ஞ்சிருக்கும்," என்று பின்னாலிருந்து கரிசனமான குரல் வந்தது. கொமார். இரண்டு கையிலும் ஒரு பெரிய மரக்கிண்ணம். அதிலிருந்து ஆவி குபுகுபுவென்று கூரைக்கு எழும்பியது. "சூடா கஞ்சி தலைவரே. சளிக்கு நல்லது." கிண்ணத்தை அவருடைய தாடைக்கு நேர் கீழே கொண்டுபோய்ப் பிடித்தான்.

"எடுடா அதை!"

"ஆவி பிடிங்க. மூச்சை நல்லா இழுங்க. உங்களுக்கு இழுக்கற வசதி இருக்கு."

ஆவி மூக்கை நனைத்து, நெற்றியைக் கடந்து, தொப்பிக்குள் ஏறியது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தொப்பிக்குள் 'கர்ரக்' என்று ஒரு சத்தம். அமெல்பெர்கா பின்வாங்கினாள். தொப்பி மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. யோசித்தது. வலப்பக்கம் சாய்ந்தது. அப்புறம் யாரும் தொடாமலேயே உச்சியில் வெந்த மட்டி மாதிரி வாய் பிளந்து, தன்னைத் தானே சுருட்டிக்கொள்ளத் தொடங்கியது.

"யேசுவே! தொப்பிக்கு உயிர் வந்துருச்சு!" என்று கத்தினாள் அமெல்பெர்கா.

"உயிர் இல்லம்மா, கன்னுக்குட்டி," என்றார் லீவன். தொழில் பேச்சு வந்ததும் அவருக்குத் தான் கைதி என்பதே மறந்துபோயிற்று. "சுண்ணாம்புல ஊற வெச்சு, இழுத்துக் கட்டி, சுரண்டி, எவ்வளவு தாளாக்கினாலும் தோல் தோல்தான். சூடும் ஈரமும் பட்டா தான் கன்னுக்குட்டியா இருந்தது அதுக்கு ஞாபகம் வந்துடும். சுருண்டு படுக்கப் பாக்கும். உள்ளே தாள் இருக்கு!"

ஆன்செல்ம் இரண்டு கையாலும் தொப்பியை அமுக்கினார். அது அவருடைய கையை மீறிக்கொண்டு நிமிர்ந்தது. கடைசியில் அவரே கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வழுக்கைத் தலையோடு உட்கார்ந்துவிட்டார்.

"கொளுத்த மனசு வரல," என்றார் தாழ்ந்த குரலில். "ஜெபமாச்சே. ஆண்டவருக்கு முன்னாடிகூடக் கழட்டல. ரெண்டு நாளா நான் தூங்கல. ஆனா நீங்களே சொல்லுங்க, கல்லறைத் திருநாள் அன்னிக்கு அந்தம்மா புத்தகத்தை விரிப்பாங்க. ஊரே எட்டிப் பாக்கும். என் மூக்கு! அதுக்கு மேல ரெண்டு கொம்பு! என் சம்சாரம் என்ன நினைப்பா?"

அந்த நேரம் பார்த்து மணிக்கூண்டில் மத்தியான மணி அடித்தது. யாரும் அசையவில்லை. கடைசி அடி ஓய்ந்ததும் மேசையின் ஓரத்திலிருந்த கிழவர் ஒருவர் ஏட்டைச் சத்தமாக மூடினார். லீவன், தன் கையில் இன்னும் ஊசி இருந்ததை அப்போதுதான் பார்த்தார்.

மக்தெல்டா தொப்பியின் உள்துணியைப் பிரித்தாள். எத்தனையோ பேருடைய எத்தனையோ பொருளைத் தேடிக் கொடுத்தவள். தனக்கென்று ஒன்றைக் கண்டெடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. தாளை வெளியே எடுத்து மேசைமேல் விரித்தாள். நான்கு மூலையிலும் நான்கு கஞ்சிக் கிண்ணம் வைத்தான் கொமார்.

பச்சை நத்தை. மனித முகம். மூக்கு, மலை மாதிரி. எதிரே ஒரு வீரன், முழந்தாள் போட்டு, கெஞ்சலாகக் கையை நீட்டிக்கொண்டு.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராக நிமிர்ந்தார்கள். ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். லீவன் இருமினார்.

"ஏன் எல்லாரும் சும்மா இருக்கீங்க?" என்றாள் மக்தெல்டா. "தலைவர் மூக்கு மேல்பக்கம் வளையும். இது கீழ்ப்பக்கம் வளையுது. இது அவர் இல்ல. இவ்வளவு பெரிய மூக்கு வேற யாருக்கு இருக்கு?"

லீவன் மறுபடி இருமினார்.

"நான் இல்லையா?" என்றார் ஆன்செல்ம். நிம்மதிப்பட வேண்டியவர், எதனாலோ கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தார். தாளைப் பார்த்தார், மக்தெல்டாவைப் பக்கவாட்டில் பார்த்தார். "ஓ," என்றார்.

"கொமார், யாரு இது?"

"அக்கா, உண்மையைச் சொன்னா எனக்குக் கஞ்சி உண்டா?"

"சொல்லித் தொலை."

"ஊர்ல உங்களை மூக்குன்னு கூப்பிடறாங்களே, அது மோப்பத்துக்காக இல்ல அக்கா."

அவள் கை தானாக முகத்துக்குப் போனது. மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். கண்ணுக்கு நடுவில் புறப்பட்டு, விரலை வழுக்கவிட்டு, நுனிக்கு வந்துசேரச் சற்று நேரமாயிற்று.

"காலைல அந்த நிழலைப் பாத்தப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"காலைல நான் இன்னும் ஒண்ணும் சாப்பிடல அக்கா. வெறும் வயித்துல அடி வாங்க முடியாது."

அவள் தாளின் மேல் மறுபடியும் குனிந்தாள். இப்போது நத்தையின் கொம்புகளைப் பார்த்தாள். அவை கொம்புகளே இல்லை. இரண்டு தூரிகைகள். காம்பின் நுனியில் பல்லால் கடித்த தடம்கூட இருந்தது. வேலை ஓடாதபோது காம்பைக் கடிப்பது பாஸ்டியனின் வழக்கம். மண்டி போட்ட வீரனுக்குக் கையில் வாள் ஏன் இல்லையென்று இப்போது தெரிந்தது. அவன் சண்டைக்கு வரவில்லை. தூரிகை கேட்டு வந்திருக்கிறான். 'எங்கடீ வெச்சே?' என்று கேட்கும் அதே முகம். இன்னும் குனிந்து பார்த்தால், தலைக்கவசத்தின் ஓரத்தில், அவனுடைய காதிலேயே ஒரு தூரிகை செருகியிருந்தது.

மக்தெல்டா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். கொமார் மட்டும் சிரிக்கவில்லை. அடக்கத்தில் சிரித்த மனுஷன், இங்கே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"லீவன் அண்ணா," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சுருக்கம் போகுமா?"

"ஒரு வாரம் பாரம் வெச்சா படிஞ்சிடும்மா. கல்லறைத் திருநாளுக்குள்ள தைச்சுடுவேன். கஞ்சிக் கறை மட்டும் போகாது."

"அதுவும் இருக்கட்டும்," என்றாள் அமெல்பெர்கா. அவள் இவ்வளவு நேரமும் தன் புத்தகத்துத் தாளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பக்கத்தைத் திறக்கவே எனக்கு நடுக்கம். சாவுப் பக்கம்னா எலும்புக்கூடு இருக்கும்னு நெனச்சேன். இது உங்க வீட்டுச் சமையக்கட்டு மாதிரி இல்ல இருக்கு! எனக்கு வாசிக்கத் தெரியாது மூக்கு. உனக்குத் தெரியும். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு வா, எங்கம்மாவுக்கும் உன் புருஷனுக்கும் சேத்து வாசி. தலைவர் பக்கத்துல மெழுகுவத்தி பிடிக்கட்டும். தொப்பி இல்லாம."

ஆன்செல்ம் ஒப்புக்கொண்டார். வேறு வழி இருக்கவில்லை.

வெளியே மழை விட்டிருந்தது. பாலத்தில் நடக்கும்போது மக்தெல்டாவுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது.

"மூக்கு சரி. ஆனா நத்தைன்னு எதுக்கு வரைஞ்சார்? நான் வேகமாத்தானே நடக்கறேன்?"

கொமார் கையைக் காட்டினான். காலையில் பார்த்த வாத்து, எங்கேயோ போய் வேலையை முடித்துக்கொண்டு, மறுபடியும் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

மக்தெல்டா நின்றாள். தலைத்துணியைத் தொட்டுப் பார்த்தாள். தூரிகை இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.